திருவாதிரை மங்கிய மார்கழி

எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு நேர் மேற்கே அண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று மாலை உச்சியில் சோதி தெரிந்ததும் மேற்கு நோக்கிக் கைகூப்புவோம். அவ்வேளையில் நம் முதுகுக்குப் பின்னே, கீழ்வானில், கார்த்திகை மீன்கூட்டம் எழுந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் சென்றால் அதே திசையில் செந்நிற விண்மீன் ஒன்று உதிக்கும். அதுவே தில்லைக் கூத்தனுக்குரிய திருவாதிரை. என் இல்லாளின் ஜன்ம நட்சத்திரமும் அதுவே.

2019 மார்கழியில், இயற்பியல் படிக்கும் பேரன், "தாத்தா, திருவாதிரை மங்கி வருகிறது; வெடித்துவிடுமோ என்றுகூடப் பேசுகிறார்கள்" என்றான். அவள் நோயுற்றுப் படுத்திருந்த நேரம். எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. அன்றிரவு மாடியேறிப் பார்த்தேன். உண்மைதான், களையிழந்து கிடந்தது.

பேரன் பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து விளக்கினான். சூரியனைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன் அது. சூரியனின் ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டுகள். இதற்கோ ஏறத்தாழ ஒரு கோடிதான். பெரிய குடும்பத்தில் அரிசி விரைவில் தீர்வதில்லையா, அப்படி! ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகும். பின் கார்பன், ஆக்சிஜன் என்று வளர்ந்து, கடைசியில் நடுவே இரும்பு சேரும். இரும்பை எரித்து வெப்பம் பெற இயலாது. அந்த இரும்புக் கரு, சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் எல்லையைத் தாண்டினால், தன் பாரத்தைத் தானே தாங்காமல் ஒரு நொடிக்குள் இடிந்து விழும். மேலடுக்குகள் வெடித்துச் சிதறும். அந்த எல்லைக்கு வழங்கும் பெயர் நம் சந்திரசேகருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கப்பலேறிய பத்தொன்பது வயதுப் பிள்ளை. 1983இல் நோபல் பரிசு பெற்றார். நம் குருதியிலுள்ள இரும்பும் என்றோ மாண்ட விண்மீன்களில் விளைந்ததே என்றான் பேரன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்து, "என் நட்சத்திரமே போய்விட்டால் அர்ச்சனைக்கு எதைச் சொல்வீர்களாம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரன்தான், "பாட்டி, நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டே ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் ஆயிற்று. வெடிப்பதற்கு இன்னும் லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்" என்று தேற்றினான். "அப்படியானால் களி கிளறச் சொல்" என்றாள்.

2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஏப்ரலில் மீண்டுவிட்டது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகித் திரையிட்டதே பெருங்காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டார்கள். அந்தப் பங்குனியில் அவளும் எழுந்து நடமாடினாள்.

அடுத்த ஆண்டு ஆனியில் சிவபதம் அடைந்தாள். இறந்தோருக்கு நட்சத்திரம் பார்ப்பதில்லை, திதிதான். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது "திருவாதிரை" என்று நாவில் வந்துவிடும், அடக்கிக்கொள்வேன். தீபத்தன்று மட்டும், சோதியை வணங்கியபின் மற்றவர்கள் கீழே இறங்கிவிட, நான் எட்டு மணி வரை மாடியிலேயே கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறேன்.