கலைஞனின் தகரப்பெட்டி

கலைஞன் மறைந்தபின் அவன் தீட்டிய ஓவியத்தைப் போற்றுவோர் உண்டு. அவனுடைய கடிதங்களையும் கடன் கணக்கையும் போற்றுவோர் எத்தனை பேர்?

தில்லையடியில் வாழ்ந்து மறைந்த பெயர்ப்பலகை ஓவியர் ஒருவரின் தாள்களைப் பள்ளி விடுமுறை நாட்களில் ஒழுங்குசெய்து வருகிறேன். புத்தளத்து உப்புக்காற்றில் குண்டூசிகள் துருவேறித் தாளைத் தின்கின்றன. அவற்றை நீக்கி, ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிடுகிறேன். அவர் வைத்துச் சென்ற வரிசையை மட்டும் மாற்றுவதில்லை. அதுவும் அவர் வாழ்க்கைக்குச் சான்றே.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அளித்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவ்வாறு வந்தவர்களுள் இவரும் ஒருவர். பெட்டியில் அதற்கு முந்திய தாள் ஒன்றேனும் இல்லை. பட்டியலின் முதற்பக்கத்தில் அந்த இன்மையைத்தான் எழுதினேன்.

கொழும்பிற் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் (1877–1947) தாள்களை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பேணுகிறது. நன்று. ஆனால் 1908இல் வெளிவந்த நூலில் அவர் போற்றிய கண்டிக் கைவினைஞரின் சுவடுகளைப் பேணியவர் யார்? உழைக்கும் கலைஞனுக்குப் பல்கலைக்கழகம் வராது. அண்டை வீட்டார்தாம் வரவேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். துரு தின்று முடிக்குமுன் திறந்து பாருங்கள்.