வரைபடம் இல்லாத உதிரிபாகம்

கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூர், 1970களில் சிப்காட் வளாகம் உருவானபின் இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட் தொடங்கி, 2021இல் போச்சம்பள்ளிப் பகுதியில் எழுந்த ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை வரை, இவ்வட்டாரத் தொழில் வளர்ச்சியில் இருசக்கர வாகனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளில் கை பழகிய டர்னர்கள், அதாவது லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை இயக்குவோர், வீட்டை ஒட்டிய கொட்டகையில் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுத் தனியாகத் தொழில் செய்வதும் உண்டு.

இத்தகைய பட்டறைகளை நாடுவோரில் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். சென்னையில் தயாரான புல்லட்டுக்கும், 1996 வரை மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளுக்கும் கடைகளில் கிடைக்காத மூடிகள், பெட்ரோல் காக், கார்புரேட்டரின் சிறு திருகுகள், கைப்பிடி முனைக் குமிழ்கள் ஆகியவற்றைப் பித்தளையில் கடைந்து தருமாறு அவர்கள் கேட்கின்றனர். துருப்பிடிக்காததும் மெருகேறுவதும் பித்தளையின் சிறப்புகள். எனினும் சக்கர அச்சு, பிரேக் போன்ற உயிர் காக்கும் இடங்களுக்கு அதன் வலு போதாது என்பதால், அங்கே பித்தளை கேட்டால் மறுத்துவிடுவதே தேர்ந்த டர்னருக்கு அழகு.

கடைசலுக்கு உகந்த பித்தளைக் கம்பியில் செம்பும் துத்தநாகமும் தவிர ஏறத்தாழ 3 விழுக்காடு ஈயமும் கலந்திருக்கும். அந்த ஈயம் உலோகத்தினுள் நுண்துளிகளாகத் தங்கி, வெட்டும்போது துருவலை ஒடித்துவிடுவதால், எஃகைப்போல் நீண்ட சுருள் எழாமல் பொன்னிறத் துகள்கள் தாளிப்புக் கடுகாய்த் தெறிக்கின்றன. எஃகுக்கான கூர்முனையைப் பித்தளையில் வைத்தால் அது உலோகத்தைக் கவ்வி உள்ளே இழுக்கும் என்பதால், வெட்டும் கருவியான டூலின் மேற்பரப்பைச் சரிவின்றித் தட்டையாகவே சாணை பிடிக்கின்றனர். துருவலை இரும்போடு கலக்காமல் தனியே கூட்டிச் சேர்த்தால் எடைக்கு நல்ல விலை கிடைக்கும். ஈயம் கலந்தது என்பதால், கையைக் கழுவாமல் உணவைத் தொடக்கூடாது.

தொழிலின் நுட்பம் முழுவதும் வெளிப்படும் இடம் மரை போடுதல், அதாவது திருகுப் புரி வெட்டுதல் ஆகும். பழைய புல்லட்டில் 55 பாகைக் கோணமுள்ள பிரிட்டிஷ் அங்குல மரைகளும், செக் நாட்டு வடிவமைப்பில் வந்த ஜாவாவில் 60 பாகை மில்லிமீட்டர் மரைகளும் இருப்பதால், ஒரே லேத் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டியுள்ளது. டூலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 புரி கொண்டதாயின், அதன் ஒரு சுற்றுக்கு டூல் 6.35 மில்லிமீட்டர் நகரும், அதில் 1.5 மில்லிமீட்டர் மரை வெட்ட 30 பல் சக்கரத்தையும் 127 பல் சக்கரத்தையும் இணைத்தால் கணக்கு துல்லியமாகப் பொருந்தும். இவ்வாறு வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைப் பற்றியிருக்கும் பிளவு நட்டைத் திறந்துவிட்டால் டூல் மீண்டும் அதே தடத்தில் இறங்குவது அரிது. ஆகவே ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றியே தொடக்கத்துக்குக் கொண்டுவருகின்றனர்.

கொடுக்கப்பட்ட மாதிரி தேய்ந்ததாகவோ உடைந்ததாகவோ இருக்கும் என்பதால், அதை அப்படியே அளந்து நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். எனவே உராய்வு படாத பகுதியில் வெர்னியரை வைத்து அளவெடுத்து, மரை கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, மூல அளவு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இஞ்சினின் அலுமினிய உறையிலுள்ள துளையும் தளர்ந்திருந்தால், கையேட்டில் உள்ள அளவைத் தேடிப் பயனில்லை. கடைசி வெட்டை வைக்குமுன் உருப்படியை அத்துளையில் திருகிப் பார்ப்பதே முறை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. தரப்பட்ட வரைபடத்தைப் பார்த்து உருப்படி செய்யும் பயிற்சி அங்கே கிடைக்கிறது. ஆலையிலும் வரைபடம் முன்கூட்டியே வந்துவிடும், சக்கரம் மாற்றி டூல் பொருத்தும் செட்டிங் நேரமும் ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்குப் பங்கிடப்படும். வீட்டு லேத்திலோ அந்த நேரம் முழுவதும் ஒரே மூடியின்மேல் விழுகிறது. வாடிக்கையாளர் பித்தளையின் எடையை வைத்துப் பேரம் பேசும்போது, கணக்கில் வராமல் போவது டர்னரின் அந்த ஊகமும் செட்டிங்கும்தான். அளவுகளை நோட்டில் குறித்துவைக்கும் டர்னர், அதே மூடியை அடுத்த முறை குறைந்த நேரத்தில் முடிக்கிறார். முதல் மூடிக்குச் சொல்லும் கூலியை வெறும் கடைசல் கூலியாக மட்டும் பார்க்காமல், ஒரு வரைபடத்தை உருவாக்கிய கூலியாகவும் பார்ப்பதே நியாயம்.