நாலு செல்லும் ஒரு மன்னிப்பும்

இந்தப் பதிவு குறிப்பாக ஒருவனுக்கு. பேர் சொல்லமாட்டேன், படித்தால் அவனுக்கே தெரியும்.

2004, பள்ளி அறிவியல் கண்காட்சி. தோட்டத்துக்கு ராத்திரியில் மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று அப்பா தூங்காமல் காத்திருக்கிறார் என்று, கரண்ட் வந்ததும் கத்துகிற ஓர் அலாரம் செய்து கொண்டுவந்தான். 89சி51 சிப், நாலு பென்டார்ச் செல். காலையில் அருமையாக ஓடியது. மதியம் நடுவர்கள் வந்தபோது தாறுமாறாகக் கத்தி நின்றுபோனது. செல்லை எடுத்து டார்ச்சில் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. "செல் நல்லாத்தானே இருக்கு, காந்திபுரம் கடையில ரெடிமேடா வாங்கியாந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "இல்லீங் சார், நானே பண்ணுனதுங்" என்றான். நான் நம்பவில்லை.

போன மாதம் பேத்தி என் பழைய நோட்டைப் புரட்டினாள். "அப்பிச்சி, 7805 அஞ்சு வோல்ட் குடுக்கோணும்னா உள்ளே ஏழு வோல்ட்டாவது வேணுமே, நாலு செல்லுல ஆறுதானே வரும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 7805 போடச் சொன்னதே நான்தான்!

விஷயம் இதுதான். 7805 தனக்கென்று கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் பிடித்துக்கொள்ளும். கரண்ட் குறைவாக இழுத்தால் ஒன்றரை, ஒன்றே முக்கால். புது செல்லில் நாலரை வோல்ட் வெளியே வந்ததால் காலையில் ஓடியது. செல் ஒவ்வொன்றும் 1.35-க்கு இறங்கியதும் சிப்புக்கு நாலு வோல்ட்கூடக் கிடைக்கவில்லை. டார்ச் பல்புக்கு அது போதும், சிப்புக்குப் போதாது. ஜி.டி. நாயுடு 1930-களில் உலர் மின்கலத்தில் ஓடவிட்ட சவரக் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. செல் இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான்.

எல்.டி.ஓ என்கிற ரெகுலேட்டர் இதற்கென்றே வந்தது. இவ்வளவு சின்ன லோடுக்கு அது பிடித்துக்கொள்வது வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். எல்.எம்.2931 அப்போதே கடையில் கிடைத்தது, எனக்குத்தான் தெரியவில்லை. (வெளியீட்டில் சொன்ன அளவு கெப்பாசிட்டர் போடாவிட்டால் அது ஊசலாடும், கவனம்.)

பேத்தி அதே சர்க்யூட்டைக் கட்டி, பாதி தீர்ந்த நாலு செல்லில் 2931 போட்டாள். மேஜைமேல் மூணு நாளாக ஓடுகிறது.

நீ செஞ்சது சரிதான் கண்ணு. அப்பா நல்லா இருக்காருங்களா? ஒரு போன் போடு.