மதகு மாறிய விதி

இலக்கணம் கற்பிப்போர்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை என வினவுவோர் உளர். எமக்கும் அவ்வேலை வந்து வாய்த்தது.

எம் துறையின் இணையவழி வகுப்பு, கணிப்பொறி ஆய்வகத்தில் பதிவிறக்கம் நிகழும்போதெல்லாம் தடைப்பட்டது. லினக்ஸில் இயங்கும் ரௌட்டரில் ஆய்வகத்திற்கு 10 மெகாபிட் வரம்பை விதிக்குமாறு மாணவர் ஒருவரைப் பணித்தோம். விதி எழுதப்பட்டது, பயன் விளையவில்லை. மாணவரைக் கடிந்துகொண்டோம்.

அவரோ அமைதியாக ஃபயர்வால் விதிகளை வரிசையாகப் படித்தார், பிழையில்லை. பின்னர் வரம்பின் எண்ணியைத் திறந்து காட்டினார். பதிவிறக்கம் பெருகியபோதும் அந்த எண்ணி பெரிதும் அசையவில்லை.

காரணம் புலனாயிற்று. இடைமுகத்தில் இடும் வரம்பு, அதனின்று வெளியேறும் பொதிகளையே நெறிப்படுத்தும். நாமோ இணையத்தை நோக்கிய இடைமுகத்தில் அதனை இடச் சொல்லியிருந்தோம். பதிவிறக்கம் அதன்வழி உள்ளே வருவது. வெளியேறுவதோ ஆய்வகத்தை நோக்கிய இடைமுகத்தில். நீர் பாயும் மதகை விட்டு, வரத்துக்காலில் பலகை இட்டோம்!

வரம்பை அங்கு மாற்றியதும் அனுப்பும் கணிப்பொறிகள் தாமே வேகம் தணிந்தன. வகுப்பின் குரல் தெளிந்தது.

விதியின் சொல்லில் பிழையில்லை. நாம் காட்டிய இடமே பிழை. அம்மாணவரிடம் வகுப்பறையிலேயே பிழை பொறுக்க வேண்டினோம். ஆசிரியர்க்கு அதுவும் ஒரு பாடமே.