வயதறியும் வழி

என் வயது எனக்குத் திட்டமாகத் தெரியாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலின்போது நான் தவழ்ந்துகொண்டிருந்ததாக உம்மா சொல்வார்கள். பள்ளிப் பதிவேட்டிலோ, ஆசிரியர் ஒருவர் தம் மனம்போல் எழுதிய தேதியே நிலைத்துவிட்டது. அத்தேதி என்னை இரண்டாண்டு மூப்பாக்கியது. பணியிலிருந்தும் இரண்டாண்டு முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பியது. அந்த மனக்குறையினாலோ என்னவோ, உயிர்களின் வயதைக் கண்டறியும் செய்தி எங்கே கிடைத்தாலும் விடாமல் படிக்கிறேன்.

அவற்றுள் இரண்டு நெஞ்சை விட்டு அகலவில்லை. அமெரிக்க மேற்கு மலைகளின் வறண்ட கல்நிலத்தில் வளரும் பிரிசில்கோன் பைன் ஒன்று. வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் உலவும் கிரீன்லாந்துச் சுறா மற்றொன்று. இரண்டுக்கும் அவசரம் என்பதே இல்லை. சுறா ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. பெண்சுறா ஈனும் பருவம் எய்த ஏறத்தாழ 150 ஆண்டாகுமாம்!

மரத்துக்கு உடம்புக்குள்ளேயே கணக்கேடு உண்டு, ஆண்டுக்கொரு வளையம். இந்தச் சுறாவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் அதன் கண்வில்லையின் நடுப்பகுதி பிறக்குமுன்பே உருவாகி, பின் மாறாதிருப்பது. அதிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து, 28 பெண்சுறாக்களுள் மிகப் பெரியதற்கு 392 வயது என்று 2016இல் ஆய்வாளர்கள் கணித்தனர். 120 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாமாம். இரண்டாண்டுப் பிழைக்கே நொந்துகொண்ட எனக்கு இது சற்றே ஆறுதல்தான். இன்னொரு வியப்பும் உண்டு. கரிமக் கணக்கின் பிழைகளைத் திருத்த, தொடக்க நாளில் பெரிதும் துணைநின்றவை இந்தப் பைன்மரத்தின் வளையங்களே.

மரத்தின் வயதறிய அதைக் கொல்ல வேண்டியதில்லை. மெல்லிய துளைகருவியால் பென்சில் போன்ற ஒரு துண்டெடுத்தால் போதும். 4,800 ஆண்டு கடந்த மெதூசலா மரம் அவ்வாறு அறியப்பட்டதே. அது நிற்கும் இடத்தை வனத்துறையினர் வெகுகாலமாக மறைத்தே வைத்திருந்தனர். காரணம் இல்லாமலா? நெவாடாவில் ஒரு மரத்தை, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முறைப்படி அனுமதி பெற்று வெட்டுவித்தார். வளையங்கள் 4,800க்கும் மேல். எண்ணி முடித்தபோது மரம் இல்லை. சுறாக்களின் கதையும் அதுவே. அவற்றின் கண்வில்லையை உயிரோடு எடுக்க வழியில்லை.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். மரத்தை வெட்டியது எப்போது என்று கேட்டார்கள். 1964, ஆகஸ்டு மாதம் என்றேன்.

சிறிது நேரம் விரல்களை மடக்கி எண்ணினார்கள்.

"அப்போ நீ குப்புற விழப் பழகின நேரம், வாப்பா" என்றார்கள்.