உப்பளக் கரையில் ஒரு மீன் தொட்டி

ஜூன் 3, கீழ்புத்துப்பட்டு

புதுத் தொட்டியில் மீன்கள் சாகின்றன. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கிறது. வீட்டில் பேச்சு முழுக்க இதுதான். எழுதி வைத்தால் யோசனையாவது ஓரிடத்தில் நிற்கும். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. அம்மோனியாவுக்கு நிறமில்லை, இந்த அளவில் வாடையும் இல்லை. ஆகவே தண்ணீரின் தெளிவு எதற்கும் சாட்சியல்ல. ‘மீனை விட்டால்தான் தண்ணீர் பழகும்’ என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. பழகுவதற்கு அம்மோனியா வேண்டும், மீன் வேண்டியதில்லை. வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டாலே போதும்.

ஜூன் 4

இன்னொன்றும் போயிற்று.

ஜூன் 9

அம்மோனியா இத்தனைக்குள் இருந்தால் பரவாயில்லை என்று அட்டவணைகள் ஒரே எண்ணைச் சொல்கின்றன. எந்த ஊர்த் தண்ணீருக்கு அந்த எண்? நீரில் அது இரண்டு உருவில் இருக்கிறது: செவுளுக்குள் சுலபமாகப் புகும் அம்மோனியா, அவ்வளவாகப் புகாத அம்மோனியம். சோதனைக் குப்பி இரண்டையும் சேர்த்தே காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் கொடிய உரு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் ஏழு பங்கு. இங்கேதான் போர் தண்ணீர் ஏமாற்றுகிறது. குழாயிலிருந்து பிடித்த கையோடு சோதித்தால் பி.எச். குப்பி பச்சையாக, 7-ஐ ஒட்டி நிற்கும். நிலத்தடியில் கரைந்த கரியமில வாயு அதைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. அதே நீரை வாளியில் ஊற்றி, ஏர் பம்பின் கல்லைப் போட்டு, மறுநாள் சோதித்தால் குப்பி நீலம். வாயு வெளியேறிவிட்டது, பி.எச். ஏறிவிட்டது. தொட்டியில் மீன் குடித்தனம் செய்வது இந்த நீல நீரில், பச்சை நீரில் அல்ல.

அப்படியானால் பி.எச். குறைக்கும் மருந்தை ஊற்றலாமே என்றால், கூடாது. கடின நீர் அதைச் சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னொரு அடி. தவிர, அந்தக் கடினத்தோடு வரும் காரத்தன்மையை நம்பித்தான் பாக்டீரியா வேலை செய்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, சுண்ணாம்புக் கணக்கில் சுமார் ஏழு கிராம் காரத்தன்மை செலவாகும். மென்னீரில் அது தீர்ந்து பி.எச். சரிந்து வேலையே பாதியில் நின்றுபோவதுண்டு. இந்தக் கரையில் அந்தப் பயம் குறைவு. ஆக, மீனுக்கு இப்போது எதிரியாக நிற்கும் அதே நீர் பாக்டீரியாவுக்குத் துணை. வழி ஒன்றுதான்: தண்ணீர் மாற்றுவது. மாற்றினால் பாக்டீரியாவும் போய்விடும் என்கிறார்கள். போகாது, அது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வது. பஞ்சாயத்துக் குழாயின் பிளீச்சிங் பவுடர் நீரில் ஸ்பாஞ்சைக் கசக்கினால்தான் போகும்.

ஜூன் 10

இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும்.

ஜூன் 18

அம்மோனியா இறங்குகிறது! நைட்ரைட் குப்பியோ கத்தரிப்பூ நிறம். சந்தோஷம் அரை நாள்கூட இல்லை. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும், ரத்தம் பழுப்பாகும், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். இதற்கு மருந்து மரக்காணத்து உப்பளங்களில் குவிந்து கிடக்கிறது. குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன; குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடமில்லை. அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் குளத்தில் உப்புப் போடுவது இதற்காகத்தான். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்தால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு. நன்னீர் மீனுக்கு உப்பு ஆகாதே என்பது நியாயமான கேள்வி. ஆனால் கடலில் லிட்டருக்கு 35 கிராம், இங்கே 0.1 கிராம். கடலோரக் கிணற்று நீரிலேயே பல இடங்களில் இதைவிட அதிகம் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உப்பு நைட்ரைட்டைத் தடுக்கும், அம்மோனியாவிடம் அதன் பாச்சா பலிக்காது.

ஜூன் 25

ஆளுக்கொரு யோசனை. ‘குளத்தில் யார் ஃபில்டர் வைத்தது?’ குளத்தில் சேறு, பாசி, கொடி எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன, லிட்டர் கணக்கில் மீனும் சொற்பம். ‘இறால் பொரிப்பகத்தில் பழைய ஸ்பாஞ்ச் கேள்.’ உப்பு நீருக்குப் பழகிய பாக்டீரியா நன்னீரில் உடனே எழுந்து வேலை செய்யாது. ஓடிக்கொண்டிருக்கும் நன்னீர்த் தொட்டியின் ஸ்பாஞ்ச் என்றால் சரி. ‘பாட்டில் பாக்டீரியா வாங்கு.’ அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2015-இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைராவையும் கண்டுபிடித்தார்கள். ஒன்று கிடைத்தது மீன் வளர்ப்பு ஃபில்டரிலிருந்து! எதுவானாலும் இவை மந்தமாகப் பெருகுபவை. அழுகலைத் தின்னும் பாக்டீரியா அரை மணியில் இரட்டிக்கும். இவற்றுக்கு அநேகமாக ஒரு நாள் பிடிக்கும். திடீரென வரும் வெள்ளைக் கலங்கல் அந்த அவசரக்காரர்களின் கூட்டம். அது தெளிந்ததும் தொட்டி தயார் என்று நினைத்துத்தான் பலர் மீன் வாங்கப் போகிறார்கள்.

ஜூன் 27

மாற்றமில்லை. சலிப்பு.

ஜூலை 2

அம்மோனியா பூஜ்யம். நைட்ரேட் தெரிகிறது. நைட்ரைட் வெளிறியிருக்கிறது, மறையவில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, தீனியிலிருந்து வரும் அம்மோனியா ஒரே நாளில் நைட்ரேட்டாகும்வரை புது மீன் கிடையாது. இந்தக் கரையில் தொட்டி வைப்பவர்கள் குழாய் நீரை அளந்த கையோடு, ஒருநாள் காற்றூட்டிய நீரையும் அளந்து பாருங்கள். அட்டவணையை அதற்குப் பிறகு திறக்கலாம்.