கயிறு மகளின் கையில்

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பனிக்கட்டிச் சுவரில் ஏறப் புறப்பட்டார்கள் என்றால் கேட்போர் நகைப்பர். நாங்களும் முதலில் நகைத்தவர்களே. ஆயினும் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து சென்றிருந்தபோது அது நடந்தேறியது. அன்று கற்ற பாடத்தை, பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டுக் கலங்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் ஒரே மகள் கிளாஸ்கோ நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். நாங்கள் சென்றது ஊர் பார்ப்பதற்கன்று. எப்படியேனும் அவளை வீட்டுக்கு அழைத்து வருவதற்கே. பத்து நாள் வாதாடியும் அவள் இணங்கவில்லை. உணவு வேளையிலும் மௌனமே நிலவிற்று. பதினோராம் நாள், "நான் விரும்பிச் செல்லும் இடம் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

வடக்கே மலைகளினூடே சென்று கின்லோக்லெவன் என்னும் சிற்றூரை அடைந்தோம். அங்கே 1909-இல் அலுமினிய உருக்காலை ஒன்று எழுந்தது. அதற்கு மின்சாரம் வேண்டி, மலைமேல் பிளாக்வாட்டர் அணையைக் கட்டினர். அயர்லாந்து முதலிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் கைக்கருவிகளைக் கொண்டே அதை எழுப்பினர். வேலையில் மாண்டோருக்கு அணையருகே சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே ஒரு கல்லில் பெயரே இல்லை. 'அறியப்படாதவர்' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். மகள் இதைச் சொன்னபோது துணுக்குற்றோம். அவனும் ஒரு தாயின் மகனன்றோ! அந்நிய மண்ணைப் பற்றிய எங்கள் அச்சம் மேலும் மிகுந்தது.

ஆலை மூடப்பட்டபின் அதன் கட்டடத்தில் 2003-இல் 'ஐஸ் ஃபேக்டர்' என்னும் ஏறுதல் பயிற்சிக்கூடத்தைத் திறந்தனர். உறைநிலைக்குக் கீழே குளிரூட்டப்பட்ட கூடத்தில், ஏறத்தாழ நான்கு மாடி உயரத்துக்குப் பனிக்கட்டிச் சுவர் நின்றது. எங்களுள் ஒருவர் ஏறுவதென்றும், மற்றவர் கீழே நின்று செபமாலை சொல்வதென்றும் முடிவாயிற்று. யார் ஏறினார் என்பதை வாசகர் ஊகிப்பாராக!

தலைக்கவசம், இடுப்புவார், முன்புறம் கூரிய பற்கள் நீண்ட இரும்புத் தகடு பூட்டிய காலணி, இரு கைகளிலும் பனிக்கோடரி. கயிறு இடுப்பிலிருந்து மேலே சென்று, உச்சியிலுள்ள வளையத்தின் வழியாகக் கீழே மகளின் இடுப்புவாருக்கு வந்தது. பயிற்றுநர் முடிச்சை இருமுறை சோதித்த பின்னரே ஏற விட்டார். கோடரியைக் கொத்தி, காலை உதைத்து ஊன்றி, அங்குலம் அங்குலமாக ஏற்றம் தொடர்ந்தது. அச்சத்தால் கோடரியை இறுகப் பற்றியதில் கைகள் விரைவில் மரத்துப்போயின. "கைகளை நம்பாதீர்கள், கால்களில் நில்லுங்கள்" என்று பயிற்றுநர் கூவினார்.

பாதிச் சுவரைக் கடந்ததும் மேலே செல்லவும் இயலவில்லை. கீழே வரவும் வழியில்லை. அப்போது கீழிருந்து மகளின் குரல் கேட்டது: "அம்மா, கயிறு என் கையில் இருக்கிறது. கோடரியை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்காரம்மா. நான் பிடித்திருக்கிறேன்."

ஏறுவதைவிட அதுவே கடினம். நடை பழகிய நாளில் நம் விரலைப் பற்றியிருந்தவளை நம்பி வெட்டவெளியில் சாய்வதா? கண்களை மூடி, இயேசுவின் திருநாமத்தைச் சொல்லிச் சாய்ந்தபோது கயிறு தாங்கிற்று. மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கினாள். கீழே நின்றவருக்கோ ஐந்தாம் மறையுண்மையில் எண்ணிக்கை தவறியிருந்தது.

தேநீர் அருந்துகையில் மகள் சொன்னாள்: "நான் ஏறும்போது என் தோழி பிடிப்பாள், அவள் ஏறும்போது நான் பிடிப்பேன். இங்கே நான் தனியாக இல்லை." பத்து நாள் பேச்சில் எங்களுக்கு விளங்காதது அப்போது விளங்கிற்று. அந்தப் பெயரற்ற கல்லறையைக் கண்டு நாங்கள் அஞ்சியது தொலைவை அன்று. பிடிப்பார் இல்லாத தனிமையைத்தான்.

மகளின்றியே ஊர் திரும்பினோம். ஆலயத்தில் மகனைக் கண்டெடுத்த தேவதாயும் சூசையப்பரும் அவர் சொன்னதை அக்கணமே உணர்ந்தார்களில்லை. அன்னையோ அனைத்தையும் உள்ளத்தில் காத்து வந்தார். நமக்கும் அதுவே வழி. பிள்ளைகள் சிறுவராயிருக்கையில் விசுவாசம் என்னும் முடிச்சை உறுதியாகக் கட்டி, இருமுறை சோதிப்பது நம் கடமை. அதன்பின் அவர்கள் ஏறட்டும். உச்சியில் கயிற்றைத் தாங்கும் வளையம் ஆண்டவரே. அந்த அணையருகே துயிலும் பெயரறியா மகனுக்காகவும் எங்கள் குடும்பச் செபத்தில் இன்றளவும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி வருகிறோம்.